மேற்குப் பாதி

தேனி,
14-6-1937

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சுப்புத்தாய் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள், மதினி, கர்ணன், பஞ்சம்மாள் எல்லாரும் சுகந்தானே? பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது என்று சந்தைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நாற்றுப் பாவியாயிற்றா என்று எழுதுங்கள். பஞ்சம்மாள் போன மாதம் எழுதிய கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அவளை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தக் கடிதத்திலும் எழுதி வைக்கிறேன்.

நான் மறுபடியும் வீடு மாற வேண்டும். தேனிக்கு வேலைக்கு வந்த ஆறு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. முதல் வீட்டுக்காரர் புருஷன் எங்கே என்று கேட்டார். இரண்டாவது வீட்டு அம்மாள், நல்ல நாளில் எதிரே வரக் கூடாது என்றாள். மூன்றாவது வீட்டில் கூரை ஒழுகியது. அதைச் சொன்னதற்குக் காலி செய்யச் சொன்னார்கள். நாலாவதைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். இப்போதைய வீட்டுக்காரி மொக்கம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "எம் மகனுக்குப் பொண்ணு பாக்குறோம் டீச்சர். வர்றவக, வீட்டுல ஒரு வாழாவெட்டி குடியிருக்கான்னு பேசிக்கிருவாக." அவளுடைய கடைசி மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளே இந்த வாழாவெட்டிதான்.

எனக்கு வாடகை வீடு போதும் என்று ஆகிவிட்டது, அண்ணே. சொந்த வீடு கட்டப்போகிறேன். சிரிக்க வேண்டாம். இங்கே வீடு கட்டுவதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள். சர்க்கார் சங்கத்துக்குப் பணம் கொடுக்கிறது. சங்கம் அதை, இதுவரை சொந்த வீடே இல்லாத சம்பளக்காரர்களுக்கு முதல் வீடு கட்டக் கடனாகக் கொடுக்கிறது. இருபது வருஷத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அல்லிநகரத்துப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். நான் பங்குதாரராகச் சேர்ந்து மனுவும் போட்டுவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிற சுகிர்தம் டீச்சர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

சங்கத்துச் சூப்பர்வைசர் விசாரணைக்கு அங்கே வருவார். கேட்பது ஒரே கேள்விதான்: சுப்புத்தாய்க்கு எங்கேயாவது சொந்த வீடோ, வீட்டில் பாத்தியமோ உண்டா? இல்லை என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே. என்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு குமுளிக்குப் போன ராக்கையா, தன் வீட்டையும் விற்றுத் தின்றுவிட்டார் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். புருஷன் பெயரை எழுதிவிட்டேன் என்று மதினி வாயில் கை வைக்க வேண்டாம். பெயராவது எனக்கு உபயோகப்படட்டும்.

பஞ்சம்மாளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
சுப்புத்தாய்


அனுமந்தன்பட்டி,
2-7-1937

என் அருமைத் தங்கச்சி சுப்புத்தாய்க்கு அண்ணன் கருத்தக்கண்ணன் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். நாற்றுப் பாவி எட்டு நாள் ஆகிறது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. கிடாரிக் கன்று.

நீ எழுதின ஆள் நேற்று உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். சூப்பர்வைசர் என்றால் பெரிய மீசையோடு வருவார் என்று பார்த்தேன். கர்ணனை விட ரெண்டு வயது மூத்த பையன். கோழி அடிக்கச் சொன்னேன். சைவம் என்றுவிட்டார். பிறகு உன் மதினி பருப்பும் நெய்யுமாகப் போட்டு அனுப்பினாள். ஊரில் பாதிப் பேர் நம் வாசலில்தான் நின்றார்கள். சர்க்கார் ஆள் யாரைப் பிடிக்க வந்திருக்கிறான் என்று பார்க்க வந்த கூட்டம்.

அத்தனை பேர் முன்னால் அந்தப் பையன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த வீட்டில் உங்கள் தங்கைக்குப் பாத்தியம் உண்டா?" என்று கேட்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்லு. விட்டேன் ஒரு சத்தம். "என்னய்யா கேள்வி கேக்குற? எந்தங்கச்சிக்கு இல்லாத வீடா? இந்தா நிக்குதே, மேக்குப் பாதி, அது அவளுது. என் உசுரு இருக்கிற வரைக்கும் அவ வீடில்லாதவ இல்ல. எழுதிக்க!" என்றேன். அவர் திரும்பத் திரும்ப, நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒரு பயல் வாய் திறக்கவில்லை.

நீ இல்லை என்று சொல்லச் சொல்லி எழுதியிருந்தாய். உனக்கு உலகம் தெரியாது, ஆத்தா. ஒன்றுமில்லாதவனுக்கு எவன் கடன் கொடுப்பான்? நான் எத்தனை தடவை செட்டியார் கடையில் நின்றிருக்கிறேன். நிலம் எவ்வளவு, வீடு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதி வீட்டுக்காரி என்று தெரிந்தால் உன் சங்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். உன் காரியத்தையும் முடித்து மானத்தையும் காப்பாற்றிவிட்டேன்.

ஆனாலும் வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். கடன் கிடைத்ததா என்று உடனே எழுது.

உன் நன்மையை நாடும் அண்ணன்,
கருத்தக்கண்ணன்


தேனி,
20-7-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

சங்கத்துக் காரியதரிசி பொன்னுராஜ், பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லி, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் திருப்பி வைத்தார். "ஒங்க அண்ணன் பாதி வீடு ஒங்களுதுன்னு எழுதிக் குடுத்திருக்காகளே, டீச்சர். ஒண்ணுமில்லாதவகளுக்கு வச்சிருக்கிற கடன்ல நீங்க வந்து கை வைக்கலாமா?" என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார். பக்கத்தில் தபால்காரர் ஒருவரும் ரெயில்வேக்காரர் ஒருவரும் மனுவோடு நின்றிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், பொய் சொல்லி ஏழையின் பங்கைத் தின்ன வந்த ஒருத்தியாக நின்றேன். அப்படி நிற்பது எனக்குப் புதிது.

நான் முதல் கடிதத்தில் தெளிவாகத்தானே எழுதினேன்? இது செட்டியார் கடைக் கடன் இல்லை. இருப்பவனுக்குக் கொடுக்கிற கடன் இல்லை. இல்லாதவர்களுக்குத்தான். உங்களுக்கு அது நம்ப முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. ஆனால் தங்கை எழுதியதை விட வாசலில் நின்ற பத்துப் பேர் பெரிதாகப் போய்விட்டார்கள் உங்களுக்கு.

சரி. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகஸ்டு முப்பத்தொன்று வரை இந்த வருஷத்துப் பட்டியல் திறந்திருக்கும். உங்களுக்கு ரெண்டு வழி தருகிறேன்.

மேற்குப் பாதி என்னுடையது என்று சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். உத்தமபாளையம் ரிஜிஸ்தர் கச்சேரிக்கு நாளைக்கே வருகிறேன், பத்திரம் எழுதுங்கள். எனக்குச் சங்கமும் வேண்டாம், கடனும் வேண்டாம். பூட்டும் சாவியும் வாங்கிக்கொண்டு லீவு நாளில் அங்கே வந்து என் வீட்டைத் திறந்து இருந்துகொள்கிறேன்.

அது முடியாது என்றால், சுப்புத்தாய்க்கு இந்த வீட்டில் பாத்தியம் இல்லை, அன்றைக்குச் சொன்னது பேச்சுக்குச் சொன்னது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

ரெண்டில் எது என்று மறு தபாலில் எழுதுங்கள்.

தங்கை,
சுப்புத்தாய்


அனுமந்தன்பட்டி,
1-8-1937

தங்கச்சி சுப்புத்தாய்க்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்து மனசு சரியில்லை. அண்ணன் தங்கச்சிக்குள் பத்திரமா? ரிஜிஸ்தர் கச்சேரியில் போய் நின்று, நான் உனக்கு அண்ணன் என்று சாட்சி வைத்துச் சொல்ல வேண்டுமா? எழுதினால்தான் உரிமையா? நான் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லையா?

மேற்குப் பாதியில் இப்போது நெல் குதிர் இருக்கிறது. வைக்கோல் இருக்கிறது. கர்ணனுக்கு வருகிற வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. அவனும் வருகிறவளும் இருக்க அங்கேதான் ஒரு அறை தடுக்கலாம் என்று உன் மதினி சொல்கிறாள். அதையெல்லாம் உன் பெயரில் எழுதினால் நாளைக்கு அவன் என்ன நினைப்பான்? உனக்கும் பிள்ளை குட்டி இல்லை. எழுதி என்ன செய்யப்போகிறாய்?

அதற்காக உனக்குப் பாத்தியமே இல்லை என்று என் கையால் எழுதித் தரவும் மாட்டேன். அந்தத் தாள் ஊருக்குத் தெரிந்தால் என் முகத்தில் காறித் துப்புவார்கள். கருத்தக்கண்ணன் தங்கச்சியைத் துரத்திவிட்டான் என்பார்கள். ராயப்பன்பட்டிச் சிஸ்டர்களிடம் உன்னைப் படிக்க அனுப்பியவன் நான். அன்றைக்கு ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. அதை மறந்துவிடாதே.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. ஒரு வாய்க் கஞ்சிக்கு இங்கே பஞ்சமா?

அண்ணன்,
கருத்தக்கண்ணன்


தேனி,
9-8-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் என்னைப் படிக்க அனுப்பியதை மறக்கவில்லை. அந்தப் படிப்பை வைத்துத்தான் இப்போது உங்களோடு சண்டை போடுகிறேன். நன்றாகத்தான் படித்திருக்கிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்கள் சுரைக்காய் ஏட்டிலும் இல்லை. வாயில் மட்டும்தான் காய்க்கிறது. பத்திரத்தில் எழுத முடியாத பாதி, இல்லை என்று சொல்லவும் முடியாத பாதி. அதில் நான் எங்கே படுப்பது, அண்ணே?

போன தைப்பொங்கலுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த மேற்குப் பாதியில்தான் படுத்தேன். வைக்கோலை ஒதுக்கிப் பாய் விரித்தேன். மூன்றாம் நாள் காலையில் மதினி பஞ்சம்மாளிடம், நான் கேட்கும்படியாகத்தான், "ஒங்க அத்தை என்னைக்குப் போறாகன்னு கேளு, நெல்லு காயப் போடணும்" என்று சொன்னாள். மதினி மேல் எனக்குக் கோபம் இல்லை. நெல் காய வேண்டியதுதான். அன்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். நீங்கள் பஸ் வரை வந்து, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, அடிக்கடி வா என்றீர்கள். அதிலும் பொய் இல்லை. உங்கள் பிரியத்தில் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பிரியத்துக்குள் குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கஞ்சி இங்கேயும் இருக்கிறது. நானே காய்ச்சிக் குடிக்கிறேன். யாரும் போகச் சொல்ல முடியாத ஒரு நாலு சுவர்தான் எனக்கு இல்லை. முப்பத்தாறு வயதாகிறது. இதுவரை எந்த வீட்டிலும் என் பெட்டியை முழுவதும் பிரித்து வைத்ததில்லை.

நீங்கள் எழுதித் தராததால் வேறு வழி தேடினேன். நம் ஊர் கிராம முன்சீப்புக்கு நேற்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வீடு முழுவதும் கருத்தக்கண்ணன் பெயரில்தான் இருக்கிறது, தங்கைக்கு அதில் ஒன்றும் இல்லை, அவர் சூப்பர்வைசரிடம் சொன்னது கௌரவத்துக்குச் சொன்னது என்று விசாரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

தங்கை,
சுப்புத்தாய்


அனுமந்தன்பட்டி,
15-8-1937

சுப்புத்தாய்க்கு,

முன்சீப் உன் கடிதத்தை டீக்கடையில் வைத்து உரக்கப் படித்தான். அண்ணன் தங்கச்சி சண்டையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, படித்து மட்டும் காட்டினான். கௌரவத்துக்குப் பொய் சொன்னவன் என்று என் தங்கச்சியே எழுதிவிட்டாள் என்று ஊர் சிரிக்கிறது. சந்தையில் ஒருத்தன், "என்னப்பா, மேக்குப் பாதி என்ன வெல?" என்று கேட்கிறான்.

போதும். இனி நீ எனக்குத் தங்கச்சியும் இல்லை, நான் உனக்கு அண்ணனும் இல்லை. இந்த வீட்டில் உனக்கு ஒரு பாத்தியமும் கிடையாது. மேற்கிலும் இல்லை, கிழக்கிலும் இல்லை, வாசலிலும் இல்லை. முன்னால் நான் என்ன சொல்லியிருந்தாலும் அது செல்லாது. இது நான் புத்தி தெளிவோடு, யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுதியது.

அனுமந்தன்பட்டி பெரியகருப்பன் மகன்
கருத்தக்கண்ணன்


தேனி,
24-8-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுப் படித்தேன். வாசலிலும் இல்லை என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை. சுகிர்தம் வந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் அழுதேன். ராக்கையா போன அன்றுகூட அவ்வளவு அழவில்லை.

டீக்கடையில் படிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சங்கடத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அழுது முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் டீச்சர் கண்ணால் படித்தேன். பாத்தியம் கிடையாது. முன்னால் சொன்னது செல்லாது. புத்தி தெளிவோடு எழுதியது. அப்பா பெயர், ஊர், தேதி, கையெழுத்து. பத்திரம் எழுதுகிறவர்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்.

முகம் கழுவிக்கொண்டு நேராகச் சங்கத்துக்குப் போனேன். கடிதத்தைக் காரியதரிசி முன்னால் வைத்தேன். அவர் ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத நாங்க பைல்ல வச்சிக்கிருவோம் டீச்சர். ஒங்களுக்குச் சம்மதமா? திரும்பக் கெடைக்காது" என்று கேட்டார். சம்மதம் என்றேன். கமிட்டி நேற்றுக் கூடியது. சூப்பர்வைசரையும் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "அந்த வீட்டுல அவர் சத்தம் போட்டதப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகந்தான் சார்" என்றாராம் அந்தப் பையன். கடன் மஞ்சூராகிவிட்டது. மனை எண் ஏழு எனக்கு.

நீங்கள் என்னை வீட்டை விட்டுத் தள்ளி எழுதியதால் எனக்கு வீடு கிடைத்தது. நன்றி என்று எழுதினால் குத்திக் காட்டுவதாக நினைப்பீர்கள். குத்தத்தான் செய்கிறேன், நன்றியும்தான் சொல்கிறேன். ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி இல்லை என்று எழுதிய ஒரு வரியை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அது உங்கள் ஒருவர் கையெழுத்தால் ஆகிற காரியம் இல்லை.

உங்கள் தங்கையேதான்,
சுப்புத்தாய்


அனுமந்தன்பட்டி,
2-9-1937

தங்கச்சி சுப்புத்தாய்க்கு,

கோபத்தில் எழுதியதைப் போய் ஆபீசில் கொடுத்துவிட்டாயே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அது உனக்குத் தெரியாதா? அந்தக் காகிதம் எத்தனை வருஷம் அங்கே இருக்கும்? பத்து வருஷம் கழித்து எவனாவது எடுத்துப் படித்து, தங்கச்சியை வாசலில்கூடச் சேர்க்காதவன் என்று சொல்வானே. நான் செத்த பிறகும் அது அங்கேதான் இருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மதினியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கோவத்துல எழுதுற கைய ஒடிக்கணும்" என்கிறாள். அவள் உனக்காகப் பேசுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

நீ கேட்டபடியே செய்கிறேன். மேற்குப் பாதியை உன் பெயருக்கு எழுதுகிறேன். நிசமாக. வருகிற வெள்ளிக்கிழமை உத்தமபாளையம் வந்துவிடு. முத்திரைத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். கர்ணனுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்தக் கடனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா. அது மட்டும் என் கைக்கு வந்தால் போதும்.

அண்ணன்,
கருத்தக்கண்ணன்


தேனி,
7-9-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை.

ஜூலையில் இதை எழுதியிருந்தீர்கள் என்றால் ஓடி வந்திருப்பேன். பதில் எழுதக்கூடக் காத்திருந்திருக்க மாட்டேன். முதல் பஸ்ஸில் வந்து உங்கள் காலில் விழுந்திருப்பேன். அன்றைக்கு எனக்காகத் தர முடியாத பாதியை, இன்றைக்கு ஒரு தாளுக்காகத் தருகிறேன் என்கிறீர்கள். அந்தத் தாளை மீட்கத்தான் என் பெயர் வேண்டியிருக்கிறது. எனக்கு அது வேண்டாம், அண்ணே.

கடனை வேண்டாம் என்று எழுதவும் மாட்டேன். மனைக்குப் போய் நின்று பார்த்தேன். வேலிக்கருவைதான் முளைத்திருக்கிறது. ஒரு பாம்புச் சட்டையும் கிடந்தது. சுகிர்தம் பயந்துவிட்டாள். எனக்கு அந்தப் பாம்பு மேல்கூடக் கோபம் வரவில்லை. வாடகைக்குக் குடியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கடிதம் பைலில் இருக்கட்டும். உங்கள் பெயர் கெட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நாலைந்து பூட்டுப் போட்ட அலமாரியில் கிடக்கிறது. டீக்கடை முன்சீப் கையில் இல்லை.

முத்திரைத்தாளை வீணாக்காதீர்கள். வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், பஞ்சம்மாள் பெயருக்கு எழுதுங்கள். அவளுக்குப் பதினாலு நடக்கிறது. நாளைக்கு ஒருத்தனுக்குக் கட்டிக் கொடுப்பீர்கள். அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ராக்கையாவை நல்ல பையன் என்று சொன்னவர் நீங்கள்தான். அவள் என்றைக்காவது திரும்பி வர நேர்ந்தால், வைக்கோலை ஒதுக்கிப் படுக்கக் கூடாது. கர்ணனுக்கும் அவளுக்குமாகச் சரிபாதி எழுதுங்கள். எனக்கு எழுதத் துணிந்த கைக்கு அவளுக்கு எழுதுவது கஷ்டமா என்ன?

பதில் எழுதுங்கள்.

தங்கை,
சுப்புத்தாய்


தேனி,
12-1-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பஞ்சம்மாளும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பீர்கள்.

வானம் தோண்டி அஸ்திவாரம் எழும்பிவிட்டது. தை பதினான்காம் தேதி, அதாவது ஜனவரி இருபத்தேழு, வாசல் நிலை வைக்கிறோம். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வந்து நிலைக்கு வேட்டி கட்டி மஞ்சள் வைக்க வேண்டும் என்பது வழக்கம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் வர வேண்டும். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். பழைய பேச்சு ஒன்றும் பேச மாட்டேன். இது சத்தியம்.

காலை எட்டு மணி பஸ்ஸில் வந்தால் போதும். அல்லிநகரம் விலக்கில் இறங்குங்கள். நான் வந்து நிற்கிறேன்.

சுப்புத்தாய்


தேனி,
30-1-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

எட்டு மணி பஸ்ஸும் போயிற்று. பத்து மணி பஸ்ஸும் போயிற்று. விலக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கொத்தனார் நிலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "பொறந்த வீட்டு ஆளு யாரும் வரலையேம்மா. நிலைய யாரு கைதொட்டுக் குடுக்கிறது?" என்றார். நான் இருக்கிறேனே என்றேன். "இல்லம்மா, சுமங்கலி கையா இருந்தா..." என்று இழுத்தார். கழுத்தில் கிடந்ததை எடுத்து வெளியே போட்டுக் காட்டினேன். கட்டியவர் குமுளியில் சுகமாகத்தான் இருக்கிறார், இதை விட அசைக்க முடியாத சுமங்கலி இந்த ஜில்லாவில் கிடையாது என்றேன். சித்தாள் சங்கிலியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கொத்தனாரும் சிரித்துவிட்டார்.

நிலைக்கு வேட்டி கட்டவில்லை. என் சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டினேன். நான் ஒரு பக்கம், சங்கிலியம்மாள் ஒரு பக்கம், பின்னால் சுகிர்தம், அப்புறம் கொத்தனார். தூக்கி நிறுத்தினோம். சுகிர்தம் அவள் சாமிக்கு ஜெபம் செய்தாள். நான் நம் சாமியைக் கும்பிட்டேன். மொக்கம்மாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து குலவை போட வைத்தாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மொக்கம்மாளுக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் வராதது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் உங்கள் மேற்குப் பாதி மாதிரிப் பொய்யாகிவிடும். ஆனால் நிலை நேராகத்தான் நிற்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாயிற்று.

நேற்றுச் சங்கத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கடன் தீருமுன் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீடு யாரைச் சேர வேண்டும் என்று பங்குதாரர்கள் எழுதித் தர வேண்டுமாம். அனுமந்தன்பட்டி கருத்தக்கண்ணன் மகள் பஞ்சம்மாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் ரோசத்தில் வேண்டாம் என்பீர்கள். அவளுக்கு எழுதச் சொல்லி நான் கேட்டதை நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. என்னுடையது முழு வீடு, பாதி இல்லை. நான் இருக்கும்போதே அவள் எப்போது வந்தாலும் இங்கே நெல் காயப் போடுகிற ஆள் யாரும் கிடையாது.

அந்தப் பைலில் உங்கள் கடிதத்துக்கு மேலேதான் இந்தத் தாளையும் வைத்துக் கட்டினார் காரியதரிசி. இனி யாராவது சைக்கிளில் வந்து, உங்கள் மகளுக்கு வீடு உண்டா என்று கேட்டால், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டே சத்தம் போட்டுச் சொல்லுங்கள், உண்டு என்று. எழுதிக்கொள்ளட்டும்.

சுப்புத்தாய்
மனை எண் 7, அல்லிநகரம்